எண்ணூர்னா எந்த எண்ணூர்? விக்கியில் தலைப்பும் இணைப்பும்

பக்கத்து வீட்டுப் பொண்ணு கேட்ட ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடத்துக்கு கொசஸ்தலை ஆற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதணும். எல்லாரையும் போல விக்கியைத் திறந்திருக்கிறாள். சாயங்காலம் போனோடு வந்து நின்றாள்.

"அண்ணா, ஆத்துல நிலக்கரிச் சாம்பல் கலக்குதுன்னு போட்டிருக்கு. எந்த மின்நிலையம்னு தொட்டுப் பாத்தா, 2017லயே மூடிட்டாங்கன்னு வருது. அப்போ பிரச்சினை தீந்துடுச்சா?"

தீரவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். வாக்கியம் சரி, ஆற்றின் பெயர் சரி. இணைப்புதான் தப்பு. சாம்பல் குழாய்கள் போவது வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து, இணைப்பு போனது எண்ணூர் அனல்மின் நிலையத்துக்கு. இரண்டும் வேறு வேறு. யார் இந்த வேலையைச் செய்தது என்று 'வரலாறு' பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான்தான்.

எப்படி நடந்தது என்று யோசித்தால் காரணம் எளிது. எங்கள் பக்கம் பேசும்போது கழிமுகத்தைச் சுற்றி இருக்கிற புகைபோக்கி எல்லாமே "எண்ணூர் பவர் ஹவுஸ்"தான். வாய்ப் பழக்கத்தில் வந்த பெயரை அப்படியே இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டேன். அந்தப் பெயரில் ஒரு பக்கம் ஏற்கெனவே இருந்ததால் எழுத்து நீலமாக வந்தது. நீலமா வந்துடுச்சு, சரியாத்தான் இருக்கும் என்று சேமித்துவிட்டுப் போய்விட்டேன். நீல நிறம் சொல்வது "இந்தப் பெயரில் ஒரு பக்கம் இருக்கு" என்பதை மட்டும்தான். "நீ சொல்ல வந்த விஷயம் இதுதான்" என்று அது சொல்லவே இல்லை.

விக்கியில் எழுதுகிறவர்களுக்குத் தலைப்பும் இணைப்பும் எடுபிடி வேலை மாதிரிதான் தோன்றும். மேற்கோள், நடுநிலை, நடை இதெல்லாம்தான் பெரிய விஷயம், அடைப்புக்குறி போடுவதில் என்ன இருக்கு என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வடசென்னைக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு, தமிழ் விக்கியில் எழுதுகிற நாம் (என்னையும் சேர்த்துத்தான்) எங்கெல்லாம் சறுக்குகிறோம் என்று பார்க்கிறேன்.

பெயர் ஒன்று, இடம் வேறு

இந்தப் பகுதியில் பெயரை நம்பி இணைப்புக் கொடுத்தால் அடி வாங்குவது உறுதி.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்உற்பத்தியைத் தொடங்கியது. 450 மெகாவாட். 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் அத்திப்பட்டில் இருக்கிறது. முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1200 மெகாவாட். பெயரில் சென்னை இருக்கிறதே தவிர, அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம். அதன் சாம்பல் குழம்பு குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய்கள் உடைந்து ஆற்றிலும் சதுப்பிலும் சாம்பல் படிவதுதான் மீனவர்களின் பல வருடப் புகார். இதுக்கெல்லாம் பக்கத்திலேயே வல்லூர் அனல்மின் நிலையம், 1500 மெகாவாட். அது வேறொரு நிறுவனம்.

துறைமுகமும் இதே கதைதான். 'எண்ணூர் துறைமுகம்' எண்ணூரில் இல்லை. முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே, சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1999இல் நாட்டின் 12ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2001இல் இயங்கத் தொடங்கி, 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. அதற்கும் வடக்கே ஒட்டினாற்போல் காட்டுப்பள்ளித் துறைமுகம். அது தனியார் துறைமுகம். எல் அண்ட் டி கட்டியது, 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

ஆக ஒரே கடற்கரையில் மூன்று துறைமுகம். "எண்ணூர் துறைமுக விரிவாக்கம்" என்று யாராவது எழுதினால், காமராஜரா காட்டுப்பள்ளியா என்பதை வாசகர் இணைப்பைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த இணைப்பே தப்பென்றால், காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு எதிராகப் போராடுகிற ஊர்க்காரர்களின் கோரிக்கை வேறொரு துறைமுகத்தின் தலையில் போய் விழும்.

வருடம் இல்லாத தலைப்பு

"எண்ணூர் எண்ணெய்க் கசிவு" என்று ஒரு தலைப்பு வைத்தால் என்ன ஆகும்?

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கடலில் கொட்டி, எர்ணாவூர் கரை தொடங்கித் தெற்கே வரைக்கும் ஒதுங்கியது. பாறைகளுக்கு நடுவே இறங்கி ஆட்கள் வாளியால் அள்ளியதைப் படங்களில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது வேறு வழியாக. மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கழிமுகத்துக்குள் வந்து, வீடுகளுக்குள்ளும் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கைகாட்டியது சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையை. முதலாவது கடலில் நடந்த விபத்து, கப்பல்காரர்களின் பொறுப்பு. இரண்டாவது நிலத்திலிருந்து வந்தது, பொறுப்பு வேறு, இழப்பீட்டுக் கணக்கும் வேறு.

வருடமில்லாத ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் வைத்தால், அடுத்து வருகிற தொகுப்பாளர் 2023இன் விவரத்தை 2017இன் பக்கத்தில் கொட்டுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, தலைப்பு அப்படித்தானே அழைக்கிறது. "2017 எண்ணூர் எண்ணெய்க் கசிவு", "2023 எண்ணூர் எண்ணெய்க் கசிவு" என்று நாலு இலக்கம் சேர்த்தால் வேலை முடிந்தது. அதே 2023 டிசம்பரின் கடைசி வாரத்தில், பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது மூன்றாவது சம்பவம். அதுக்கும் தனித் தலைப்பு வேணும்.

"இப்படி வருடம் போட்டா தலைப்பு அழகா இல்லையே" என்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப விபத்து நடக்கிற ஊரில், எந்த விபத்து என்று சொல்வதுதான் தலைப்பின் முதல் வேலை. அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ராயபுரம் எத்தனை?

வடசென்னையில் ராயபுரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. ராயபுரம் சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் 5ஆவது மண்டலத்துக்கும் ராயபுரம் என்றுதான் பெயர். இந்த மூன்றின் எல்லையும் ஒன்றல்ல. பாரிமுனை, சவுகார்பேட்டை எல்லாம் ராயபுரம் மண்டலத்துக்குள் வரும். ஆனால் சவுகார்பேட்டையில் கடை வைத்திருப்பவரிடம் "நீங்க ராயபுரமா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்.

2020இல் கொரோனா நேரத்தில் மாநகராட்சி மண்டலவாரியாகப் பட்டியல் போட்டது. அதில் பல நாள் ராயபுரம்தான் முதலிடம். அது மண்டலக் கணக்கு. செய்தியில் வந்தது வெறும் "ராயபுரம்". கல்மண்டபத்திலிருந்தோ பனைமரத்தொட்டியிலிருந்தோ வேலைக்குப் போனவர்களை வேறு இடத்தில் எப்படிப் பார்த்தார்கள் என்று இங்கே இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பட்டியலை விக்கியில் சேர்க்கும்போது "ராயபுரம்" என்ற சொல்லைப் பகுதிக் கட்டுரைக்கு இணைத்தால், நாமும் அதே தப்பைத்தான் செய்கிறோம். "[[ராயபுரம் மண்டலம்]]" என்று எழுதி, அப்படிப் பக்கமே இல்லாமல் சிவப்பாக வந்தாலும் பரவாயில்லை. தப்பான நீலத்தைவிடச் சரியான சிவப்பு எவ்வளவோ மேல். சிவப்பைப் பார்த்து யாராவது ஒருநாள் அந்தப் பக்கத்தை எழுதுவார்கள். தப்பான நீலத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

திருவொற்றியூரும் அதே மாதிரி. ஊர், வட்டம், சட்டமன்றத் தொகுதி, மாநகராட்சியின் 1ஆவது மண்டலம் என்று நான்கு. 2011 வரைக்கும் தனி நகராட்சி. அந்த வருடம்தான் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி மூன்று நகராட்சிகளும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. "திருவொற்றியூர் நகராட்சி" என்ற பழைய இணைப்பை ஊர்க் கட்டுரைக்குத் திருப்பிவிட்டால், இன்னும் நகராட்சி இருப்பதாகவே படிப்பவர் நினைப்பார்.

கோயிலைப் பற்றி எழுதும்போதும் கவனம் வேண்டும். "தியாகராஜர் கோயில்" என்று மட்டும் இணைத்தால் பெரும்பாலானவர்கள் நினைப்பில் வருவது திருவாரூர். ஊர்ப் பெயரை அடைப்புக்குறியில் போடுவதா, முன்னால் போடுவதா என்பது அந்தந்த விக்கியின் வழக்கம். "திருவொற்றியூர் தியாகராஜர் கோயில்" என்று முன்னால் போடுவதுதான் என் விருப்பம், நாம் பேசுவதும் அப்படித்தானே.

அப்புறம் 'வட சென்னை' என்றால் நகரத்தின் ஒரு பகுதி, ஒரு மக்களவைத் தொகுதி, 2018இல் வெற்றிமாறன் எடுத்த படம். "வட சென்னையில் மீனவர் வாழ்க்கை தப்பாகக் காட்டப்படுகிறது" என்று ஒரு வரி எழுதினால் புகார் படத்தின் மீதா, ஊடகங்கள் இந்தப் பகுதியைக் காட்டும் விதத்தின் மீதா? ஆங்கிலத்தில் படப் பெயரைச் சாய்வெழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். முதல் எழுத்தைப் பெரிதாகப் போடவும் வசதி உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சாய்வெழுத்து நம்முடைய அச்சு மரபில் பெரிதாக இருந்ததில்லை. திரையில் எழுத்தைச் சும்மா சாய்த்துவிட்டால் கொம்பும் காலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நமக்கு இருப்பது மேற்கோள்குறிதான். 'வட சென்னை' படத்தில் என்று எழுதினால் குழப்பமே இல்லை. ஆங்கில விக்கியின் நடைக் கையேட்டைப் பார்த்துச் சாய்வெழுத்தைக் கொண்டுவரப் போராடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

வேற்றுமை உருபும் அடைப்புக்குறியும்

இது தமிழுக்கே உரிய தலைவலி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விக்கி மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அடைப்புக்குறியை மூடியபின் இடைவெளி விடாமல் எழுத்துகளை ஒட்டினால், அவையும் இணைப்போடு சேர்ந்து நீலமாகிவிடும். ஆங்கிலத்தில் பன்மை விகுதிக்கு இது ரொம்ப வசதி. தமிழ் எழுத்துகளுக்கும் இதே வசதி இருக்கிறது. ஆனால் நம் மொழி அதற்கு எப்போதும் ஒத்துழைப்பதில்லை. நாலு வடசென்னை ஊர்களை எடுத்துக்கொள்வோம்.

மணலி: [[மணலி]]யில் என்று போட்டால் மணலியில் என்று ஒழுங்காக வரும். யகரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஊர்ப் பெயர் மாறவில்லை. தண்டையார்பேட்டைக்கும் இதே கதை.

எண்ணூர்: [[எண்ணூர்]]இல் என்று போட்டால் திரையில் "எண்ணூர்இல்" என்று நிற்கும். ர் புள்ளியை இழந்து ரி ஆகணும். அந்தப் புள்ளி அடைப்புக்குறிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது.

ராயபுரம்: ராயபுரத்தில். மகரம் போய்த் தகரம் வருகிறது. கத்திவாக்கமும் அப்படியே.

காசிமேடு: காசிமேட்டில். டகரம் இரட்டிக்கிறது.

நாலில் ஒன்றுக்குத்தான் வசதி பயன்படுகிறது. மற்ற மூன்றுக்கும் குத்துக்கோடு போட்டு [[எண்ணூர்|எண்ணூரில்]], [[ராயபுரம்|ராயபுரத்தில்]], [[காசிமேடு|காசிமேட்டில்]] என்று இரண்டு தடவை எழுதணும். கோட்டுக்கு இடப்பக்கம் பக்கத்தின் பெயர், வலப்பக்கம் வாசகர் பார்க்கும் சொல். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனாலும் போன் விசைப்பலகையில் குத்துக்கோட்டைத் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் நாம் மூன்று குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, "எண்ணூர்-இல்", "காசிமேடு-இல்" என்று சிறுகோடு போடுவது. படிக்கவே முடியாது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எந்தத் தமிழரும் இப்படிப் பேசமாட்டார்.

இரண்டு, எல்லா இடத்திலும் "பகுதியில்", "நகரத்தில்" என்று ஒரு பொதுச்சொல்லைச் சேர்த்து அதன்மேல் உருபை ஏற்றுவது. ஒரு தடவை என்றால் நல்ல வழிதான், மேலே 'வட சென்னை' படத்துக்கு நானே அதைத்தான் செய்தேன். "எண்ணூர் பகுதியில் உள்ள கத்திவாக்கம் பகுதியில் வசிக்கும் காட்டுக்குப்பம் பகுதி மீனவர்கள்" என்று வரும்போதுதான் பிரச்சினை. இது எழுத்தாளரின் நடை இல்லை, அடைப்புக்குறியின் நடை. தமிழ் விக்கிக் கட்டுரைகள் அரசாணை மாதிரி ஒலிக்கின்றன என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு ஒரு காரணம் இந்தக் குத்துக்கோட்டுச் சோம்பல் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று, இணைப்பே கொடுக்காமல் விடுவது. இது இன்னும் மோசம். ஏனென்றால் வாக்கியத்தில் எழுவாயாக வரும் பெயர்கள் மட்டும் இணைப்புப் பெற்று, "-இல்", "-இலிருந்து" என்று வருபவை விட்டுப்போகும். இடப்பெயர்கள் பெரும்பாலும் அப்படித்தானே வரும்! ஊர்தான் காணாமல் போகிறது.

பதில் ஒன்றுதான். குத்துக்கோடு போடுங்கள். நல்ல தமிழ் வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் இணைப்பை அதற்குள் பொருத்துங்கள். இணைப்புக்காக வாக்கியத்தை வளைக்காதீர்கள்.

ஆனால் குத்துக்கோட்டால் ஒரு ஆபத்தும் உண்டு. [[வடசென்னை அனல்மின் நிலையம்|எண்ணூர் மின்நிலையம்]] என்று போட்டால் எழுதியிருப்பது ஒன்று, போய்ச் சேருவது இன்னொன்று. பொடி வைத்துப் பேசுகிற மாதிரி, பொடி வைத்த இணைப்பு. வாசகர் தொட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அச்செடுத்துப் படிப்பவருக்குக் கடைசி வரை தெரியாது. கோட்டுக்கு வலப்பக்கம் உருபு மாறலாம், ஆள் மாறக் கூடாது.

ஒற்றும் எழுத்தும் படுத்தும் பாடு

சென்னைத் துறைமுகம், சென்னை துறைமுகம். நமக்கு இரண்டும் ஒன்றுதான், ஒருவர் ஒற்றைப் போடுகிறார், ஒருவர் விட்டுவிடுகிறார். மென்பொருளுக்கு இரண்டும் இரண்டு பக்கம். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இந்தச் சிவப்பைப் பார்த்த யாரோ ஒருவர், கட்டுரை இல்லை போல என்று உட்கார்ந்து இரண்டாவது தடவை எழுதுவார். உழைப்பெல்லாம் வீண்.

ராயபுரமா இராயபுரமா என்பது பழைய சண்டை. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தமிழ் இலக்கணம், அதனால் இகரம் சேர்த்து எழுதுவோரிடம் நியாயம் இருக்கிறது. ஊர்க்காரர் யாரும் அந்த இகரத்தை உச்சரிப்பதில்லை என்பவரிடமும் நியாயம் இருக்கிறது. எந்த வடிவம் தலைப்பாக நின்றாலும் எனக்குச் சம்மதம். ஆனால் மற்ற வடிவத்திலிருந்து வழிமாற்று இருந்தே ஆகணும். இல்லையென்றால் பகுப்புப் பட்டியலில் 'ரா'வைத் தேடுகிறவர், ஊரே இல்லை என்று திரும்பிவிடுவார். அது பாட்டுக்கு 'இ' வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இதே விதி நிலையங்களுக்கும். ராயபுரம் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். விக்கியில் "தொடருந்து நிலையம்" என்ற வடிவத்தைப் பரவலாகப் பார்க்கலாம். நல்ல சொல்தான், எனக்கு விரோதம் இல்லை. ஆனால் ராயபுரத்தில் யாரும் அந்தச் சொல்லைத் தேடல் பெட்டியில் தட்டமாட்டார்கள். ரயில் நிலையம், இரயில் நிலையம், ரயில்வே ஸ்டேஷன் என்ற மூன்றிலிருந்தும் வழிமாற்று வையுங்கள். தனித்தமிழும் நிற்கும், தேடி வருபவரும் சேரவேண்டிய இடம் சேருவார். வழிமாற்றுக்கு ஆகும் செலவு ஒரே ஒரு வரி.

வழிமாற்றில் இன்னொரு பயனும் உண்டு. அது பழைய பெயரைக் காப்பாற்றி வைக்கும். மணலி ஆலை 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கியது, 2000இல் சென்னை பெட்ரோலியம் ஆனது. இன்றைக்கும் பெரியவர்கள் "எம்ஆர்எல்" என்றுதான் சொல்கிறார்கள். பழைய நாளேட்டில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு வருகிறவர் தேடினால் கிடைக்க வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை: வழிமாற்றுக்கு வழிமாற்று வேலை செய்யாது. 'எண்ணூர் துறைமுகம்' என்பது 'காமராசர் துறைமுக'த்துக்குத் திருப்பப்பட்டு, அதை இன்னொருவர் 'காமராஜர் துறைமுகம்' என்று நகர்த்தினால், முதல் பெயரில் வருகிறவர் நடுவழியில் நின்றுவிடுவார். மென்பொருள் ஒரு தாவல்தான் தாவும். பக்கத்தை நகர்த்தியவர் 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது மரியாதை.

சிற்றோடை என்ற சொல்

தலைப்பு மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 'எண்ணூர் கிரீக்' என்பதை அகராதியைப் பார்த்துப் பெயர்த்தால் "எண்ணூர் சிற்றோடை" என்று வரும். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓடை இல்லை. கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி, அலையாத்தி, சேற்றுநிலம், இறால் பிடிக்கும் இடம், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் எல்லாம் சேர்ந்த ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பு. 'சிற்றோடை' என்று படித்தவர் மனதில் வருவது தாண்டிப் போகக்கூடிய ஒரு வாய்க்கால். அதை மூடினால் என்ன என்று தோன்றும்.

1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் இருந்த கழிமுகம், பின்னால் வந்த இன்னொரு வரைபடத்தில் காணோம் என்று 2017இல் ஆர்வலர்கள் குற்றம்சாட்டினார்கள். ஒரு நீர்நிலை காகிதத்தில் இருக்கா இல்லையா என்பதே சண்டையாகிற இடத்தில், கலைக்களஞ்சியம் அதை என்ன பெயரில் வைத்திருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. கழிமுகம் என்று எழுதுவோம். உள்ளூர்ச் சொல் முகத்துவாரம், அதிலிருந்து வழிமாற்று வைப்போம். ஆற்றுக்கும் கொசஸ்தலை, கொசஸ்தலையாறு, கொற்றலை என்று பல வடிவம். எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து கலக்கட்டும்.

வெளியிணைப்பு பற்றியும் சுருக்கமாக

"மேலும் விவரங்களுக்கு இங்கே சொடுக்கவும்." இந்த 'இங்கே'யை ஒழிக்கணும். பார்வையற்றவர்கள் திரைபடிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பார்கள். "இங்கே, இங்கே, இங்கே" என்று கேட்டால் அவர்களுக்கு என்ன புரியும்? இணைப்பின் மேல் ஆவணத்தின் பெயர் இருக்கணும், யார் வெளியிட்டது, எந்தத் தேதி என்பது பக்கத்தில் இருக்கணும். தேதியும் தலைப்பும் எழுதி வைத்திருந்தால், நாளைக்கு அந்த முகவரி செத்துப்போனாலும் நூலகத்தில் தேடி எடுக்கலாம்.

வெறும் முகவரியை ஒட்டுவது தமிழில் இன்னும் கொடுமை. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறியோடு 9 இடத்தை அடைக்கும். 'எண்ணூர்' என்பது கணினிக்கு 7 குறியீடு, புள்ளியும் சேர்த்து. ஆக 63 இடம். நாலு எழுத்து ஊருக்கு ஒன்றரை வரி குப்பை. தலைப்புக்கும் வரம்பு உண்டு. 255 பைட், தமிழில் அது 85 குறியீடுதான். "தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின்" என்று முழுப்பெயரோடு தலைப்பு வைக்க ஆரம்பித்தால் பாதி வழியில் முட்டிக்கொள்ளும்.

முடிக்கிறேன். அன்றைக்கு ராத்திரியே என் வரியைத் திருத்தினேன். மின்நிலையத்தின் சரியான பெயர், சரியான இணைப்பு, மூடப்பட்ட பழைய நிலையம் இது அல்ல என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு. தொகுப்புச் சுருக்கத்தில் "என் தவறு, இணைப்பு மாற்றம்" என்று எழுதினேன். மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை. அந்த வரி தப்பான இடத்துக்குக் கைகாட்டிக்கொண்டு நின்றதோ ஒன்பது மாதம். அதற்குள் எத்தனை பேர் "ஓ, மூடிட்டாங்களா, நல்லது" என்று நினைத்துக்கொண்டு போனார்களோ.

காலையில் பொண்ணிடம் சொன்னேன், "சரி பண்ணிட்டேன்மா, இப்பப் பாரு." பார்த்தாள். அவள் கேட்டது வேற: "அண்ணா, செப்பாக்கம்னு போட்டிருக்கீங்க, அது மட்டும் ஏன் செவப்பா இருக்கு?"

இன்னும் யாரும் எழுதலம்மா என்றேன். கட்டுரையைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளே எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். குத்துக்கோடு எங்கே இருக்கு என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன்.